செங்கல் சுவர் வெடிப்பு: சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் யாராவது?

நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீடு. 14 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. மூலை யன்னலுக்கு மேலே படிப்படியாக ஏறும் வெடிப்பு: உச்சியில் 6 மில்லிமீற்றர், அடியில் மயிரிழை. மேலே அகன்றிருப்பதால் மூலை வெளியே சாயுது. சுவர் அசையுதோ எண்டு பார்க்க வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டின கண்ணாடித் துண்டு மாரியோட உடைஞ்சிட்டுது. அசைவு இன்னும் நிக்கேல்லை. கூரைப் பீலி ஒழுகி அத்திவாரத்தடியில் தண்ணி தேங்கினதுதான் காரணம் போல. அதைத் திருத்தியாச்சு.

சீமெந்தால அடைக்கச் சொல்லாதேங்கோ, அது ஈரத்தை உள்ளே பூட்டிப் பக்கத்துக் கல்லைத்தான் உதிர்க்கும்.

அசைவு நின்றபின் 4 செங்கல் வரிக்கொரு துருப்பிடிக்காத முறுக்குக் கம்பி, வெடிப்புக்கு இரண்டு பக்கமும் 500 மில்லிமீற்றர் நீளத்துக்குச் சாந்து இடுக்கில் பதிக்க யோசனை. 1:3 (சுண்ணாம்பு:மணல்) சாந்து கம்பியைப் பிடிக்குமா? கம்பி யாழ்ப்பாணத்தில் எங்கே எடுக்கலாம்?