கப்பலில் வந்த வினாத்தாள்: லண்டன், கேம்பிரிட்ஜ் தேர்வுகள் காலனிகளில் நடந்த முறை

கேள்வி: பென்னாகரம் வரலாற்று மன்றம்

வணக்கம். தருமபுரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியின் கண்காட்சிக்காக, 1880களில் கொழும்பில் நடந்த கேம்பிரிட்ஜ் தேர்வு அறை ஒன்றை அமைத்துக் காட்டப்போகிறோம். ஆண்டு விவரங்கள் கிடைக்கின்றன, நடைமுறைதான் கிடைக்கவில்லை. வினாத்தாள் எப்படி வந்தது, யார் பொறுப்பில் இருந்தது? கொழும்பில் எழுதி முடித்தவர் லண்டனுக்குத் தந்தி கொடுத்தால் என்ன ஆகும்? விடைத்தாள் போய் முடிவு வர எத்தனை மாதம்? நம் பகுதிப் பிள்ளைகள் இந்தத் தேர்வுகளை எழுதினார்களா என்றும் தெரிந்தால் ஒரு பலகை வைக்கலாம்.

பதில் 1: சனத்குமாரநதி

முதலில் இரண்டு தேர்வுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதும்போது இரண்டும் கலந்துவிடும்.

லண்டன் மெட்ரிகுலேஷன்தான் அசல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 1858இல் வந்த புதிய சாசனத்துக்குப் பிறகு, இணைப்புக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான பட்டங்களுக்கு நீங்கியது. எங்கே படித்தாலும் தேர்வில் தேறினால் போதும். அதனால்தான் தேர்வைக் கடல் தாண்டிக் கொண்டுபோக முடிந்தது. 1865இல் மொரீஷியஸில் நடத்தினார்கள். கேம்பிரிட்ஜ் 'லோக்கல்' தேர்வு பள்ளி மாணவருக்கானது, ஜூனியர், சீனியர் என இரண்டு நிலை. அதுவும் 1858 டிசம்பரில்தான் தொடங்கியது. 1863இல் டிரினிடாட் போனது. இலங்கைக்கு கேம்பிரிட்ஜ் 1880இலும், லண்டன் 1882இலும் வந்தன.

இங்கிலாந்துக்குள் நடந்தபோது கேம்பிரிட்ஜிலிருந்தே ஒருவர் அங்கி அணிந்து, பூட்டிய பெட்டியோடு ரயிலேறி ஒவ்வொரு ஊருக்கும் போனார். பெட்டியும் பொறுப்பாளரும் பிரியவே இல்லை. காலனிகளுக்கு அப்படி ஆள் அனுப்ப முடியாது. எனவே நம்பிக்கை முழுவதையும் உறையின் மீதும், அதைத் திறப்பவரின் கையெழுத்தின் மீதும் வைத்தார்கள். உங்கள் அறையில் மாணவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வரிசை இப்படி: தேர்வர் பட்டியலும் கட்டணமும் மாதக்கணக்கில் முன்னதாக இங்கிலாந்து போய்ச் சேர வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப வினாத்தாள் அங்கே அச்சாகும். பாடத்துக்கு ஓர் உறை, மேலே தேதியும் நேரமும், அரக்கு முத்திரை. எல்லா உறைகளும் ஒரே பெட்டிக்குள். கொழும்பு வந்ததும் காலனி அரசின் பொறுப்பில் பூட்டி வைப்பு. தேர்வு நேரத்தில் மேற்பார்வையாளர் முத்திரை உடையாமல் இருப்பதைக் காட்டி, தேர்வர்கள் கண்முன்னே உறையைப் பிரிப்பார். நம் பொதுத்தேர்வில் கட்டுக்காப்பு மையம், வழித்தட அலுவலர், முதன்மைக் கண்காணிப்பாளர், அறையில் உறை பிரிக்கும்போது இரண்டு மாணவர் கையெழுத்து என்று இருக்கிறதே, அதைப் போன்ற ஒரு சங்கிலிதான் இதுவும்.

எங்கே பிசகும்? ஒரு பாடத்தின் தேதியைத் தவறாகப் பார்த்து நாளைய உறையைப் பிரித்துவிட்டால் மாற்றுத்தாள் கேட்க வழியே இல்லை. இங்கிலாந்து பல வாரத் தூரத்தில் இருக்கிறது. உறை எண்ணிக்கை குறைந்தாலும் அப்படியே. அதனால் பெட்டி வந்த அன்றே உறைகளை, பிரிக்காமல், கால அட்டவணையோடு ஒத்துப்பார்ப்பதுதான் பொறுப்பாளரின் முதல் வேலை. வெப்பத்தில் அரக்கு இளகும் என்பதால் முத்திரை மட்டும் போதாது, பெட்டிப் பூட்டும் வேண்டும்.

பதில் 2: அதியமான்கோட்டை

தந்திக் கேள்விக்கு வருகிறேன். இதைக் கணக்காகவே வைத்துவிடுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கொழும்பின் உள்ளூர் நேரம் கிரீனிச்சைவிட ஏறத்தாழ 5 மணி 20 நிமிடம் முன்னால். டிரினிடாட் 4 மணி 6 நிமிடம் பின்னால். எல்லா ஊரிலும் காலை 9.30க்குத் தொடங்கி 12.30க்கு முடிகிற ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் முடிவு மணி அடிக்கும்போது லண்டனில் காலை 7.10. அங்கே தேர்வு தொடங்க இன்னும் 2 மணி 20 நிமிடம் இருக்கிறது. டிரினிடாடில் தொடங்க 6 மணி 26 நிமிடம்!

இந்தியாவையும் இங்கிலாந்தையும் இணைக்கும் கடலடித் தந்தி 1870இல் வந்துவிட்டது. ஆகவே ஆபத்து வெறும் கற்பனை இல்லை. ஆனால் தந்திக் கட்டணம் சொல்லுக்குச் சொல் கடுமையானது, செய்தி பல கைகள் மாறும், அலுவலகங்களில் பதிவாகும். வடிவியல் படத்தையும் லத்தீன் பத்தியையும் தந்தியில் அனுப்புவது லேசான காரியமில்லை. என் கணிப்பில், அன்றைக்குக் கசிவைத் தடுத்ததில் கண்காணிப்பைவிடத் தந்திக் கட்டணத்துக்குத்தான் பங்கு அதிகம். இன்று கைப்பேசி அந்தத் தடையைத் தூக்கிவிட்டது; கேம்பிரிட்ஜ் உலகத்தை நிர்வாக மண்டலங்களாகப் பிரித்திருப்பதும், குறித்த ஒரு நேரத்தில் தேர்வர் எங்கிருந்தாலும் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பதும் இதே நேர வித்தியாசத்துக்காகத்தான்.

பதில் 3: பாரூர் ஏரி

விடைத்தாள் பக்கம் யாரும் தொடவில்லையே. அங்கேதான் தேர்வர்களுக்கு உண்மையான கஷ்டம்.

வினாத்தாள் தொலைந்தால், தேர்வு தள்ளிப்போனாலும், இன்னொன்று அச்சடிக்கலாம். விடைத்தாள் ஒன்றே ஒன்று, நகல் கிடையாது. ஆகவே ஒவ்வொரு தாளும் முடிந்ததும் எண் வரிசையில் அடுக்கி, வந்தவர் வராதவர் பட்டியலோடு கட்டி, முத்திரை வைத்து, கிளம்பும் முதல் தபால் கப்பலில் ஏற்ற வேண்டும். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகு கொழும்பு–லண்டன் நீராவிக் கப்பல் பயணம் மூன்று நான்கு வாரம். டிசம்பரில் எழுதியது ஜனவரியில் போய்ச் சேரும். திருத்தி, பட்டியல் போட்டு, அது திரும்பி வருவதற்குள் கோடை வந்துவிடும். அதுவரை அந்த மாணவர் மேல்வகுப்புக்குப் போவதா, பழைய வகுப்பிலேயே உட்கார்வதா என்று தெரியாமல் இருப்பார். தோற்றிருந்தால் அடுத்த டிசம்பருக்குப் படிக்கப் பாதி ஆண்டுதான் மிச்சம்.

செய்முறைப் பாடங்கள் இன்னொரு தலைவலி. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் கிடைக்கும் செடியை வைத்துத் தாவரவியல் கேள்வி அமைத்தால் கொழும்பில் அந்தச் செடிக்கு எங்கே போவது? எழுத்துத் தேர்வு மட்டுமே கப்பலில் ஒழுங்காகப் பயணம் செய்தது.

பதில் 4: தொரப்பள்ளிக் கரை

நம் பகுதி பற்றி: தருமபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி 2004 வரைக்கும் தருமபுரி மாவட்டம். எனவே பழைய ஆவணங்களில் சேலம் என்றே தேடுங்கள்.

இங்குள்ளவர்களுக்கு லண்டன் தேர்வு தேவைப்படவில்லை. 1857லேயே சென்னைப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அதன் மெட்ரிகுலேஷன்தான் கல்லூரிக்கும் அரசு வேலைக்கும் வாசல். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போனார். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல்தான் தோன்றியது என்பதால் அந்தக் கல்லூரியும் அப்போது சென்னையோடுதான் இணைந்திருந்தது. இலங்கைத் தமிழர்களோ கடல் தாண்டி இங்கே வந்து எழுதினார்கள்: சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள்.

ஒன்றை மட்டும் பலகையில் அழுத்தி எழுதுங்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் உயர் நிர்வாகப் பதவிகளுக்கான ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்துங்கள் என்று பல பத்தாண்டுகள் கேட்டும், 1893இல் பிரிட்டிஷ் கீழவையே தீர்மானம் போட்டும், 1922இல்தான் அலகாபாத்தில் நடத்தினார்கள். பூட்டிய பெட்டியில் மொரீஷியஸுக்கு 1865லேயே வினாத்தாள் போனது. நடத்த வழி தெரியாமல் தாமதிக்கவில்லை. நம்மவர்களை அந்தப் பதவிகளில் உட்கார வைக்க மனமில்லை.

பென்னாகரம் வரலாற்று மன்றம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: மாதிரி விடைத்தாளில் மாணவர் பெயர் எழுதலாமா?

சனத்குமாரநதி

கூடாது. கேம்பிரிட்ஜ் தொடக்கத்திலிருந்தே எண் முறைதான். திருத்துபவருக்குப் பெயரும் பள்ளியும் தெரியக் கூடாது. தாளின் மேல் எண்ணும் பாடமும் மட்டும் போடுங்கள். எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியலைத் தனிக் காகிதத்தில் எழுதி, மேற்பார்வையாளர் மேசையில் வையுங்கள். உறைகள் பிரிக்காதவை நாலைந்து, பிரித்தது ஒன்று என்று வைத்தால் பார்ப்பவர்களுக்கு முறை புரிந்துவிடும்.