'கார்ப்போலித்து' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். இளநிலைத் தாவரவியல் மாணவர்களுக்கான தொல்தாவரவியல் நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இயலை ஒப்படைக்க வேண்டும். 'கார்ப்போலித்து' என்ற சொல்லோ மூன்று நாட்களாக என்னை நகர விடவில்லை. கிரேக்கத்தில் கார்ப்போசு என்றால் கனி, லித்தோசு என்றால் கல். ஆனால், கனியா, விதையா, கனிக்குள் விதையைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான உள்ளோடா என்றும், எந்தத் தாவரத்தினுடையது என்றும் இன்னும் துணியப்படாத புதைபடிவத்துக்கே இப்பெயரை வழங்குகிறார்கள். இப்போதைக்குக் 'கனிக்கல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்:

ஐயா, 'கனிக்கல்' என்பதில் கனியும் சரியில்லை, கல்லும் சரியில்லை. இங்கிலாந்தின் ஷெப்பி தீவுக் கரையில், 'லண்டன் களிமண்' என்னும் அடுக்கிலிருந்து கிடைக்கும் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான கனிகளும் விதைகளும் பெரும்பாலும் பைரைட்டு என்னும் இரும்புச் சல்பைடாக மாறியவை. ஈரக்காற்றுப் பட்டால் அவை அமிலம் கசிந்து பொடியாகிவிடும் என்பதால் சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கவைத்துக் காக்கிறார்கள். எண்ணெயில் ஊறுகிற பொருளைக் கல் என்று மாணவனிடம் எப்படிச் சொல்வது? பழுப்பு நிலக்கரிப் படிவுகளில் கிடைப்பவற்றுள் பல கல்லாக மாறவே இல்லை. மண்ணைக் கரைத்துச் சல்லடையில் அலசினால் மரத்தன்மையோடேயே வந்து நிற்கின்றன.

'கனி'யும் அப்படித்தான். தொல்தாவரவியலாளர்களான எலினார் ரீடும் மார்ஜரி சாண்ட்லரும் அந்தக் களிமண்ணின் தாவரங்களைப் பற்றி 1933இல் வெளியிட்ட பெருநூலில் சீந்திற்கொடியின் குடும்பத்துக்குரியவை பல உண்டு. அக்குடும்பத்தில் எஞ்சுவது குதிரைலாடம் போல் வளைந்த உள்ளோடு. திராட்சைக் குடும்பத்திலோ எஞ்சுவது விதை. பன்னீர்த் திராட்சை ஒன்றைத் தின்று, விதையைக் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: ஒரு முகத்தில் நடுவரம்பின் இருபுறமும் நகம் பதித்தாற்போல இரண்டு பள்ளங்கள் இருக்கும், மறுமுகத்தில் கரண்டிக் குழி போன்ற ஒரு வடு இருக்கும். தக்காணத்து எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவுகளில் கிடைத்த, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுப் பழமையான விதைகளை இத்தகைய அடையாளங்களைக் கொண்டுதான் திராட்சைக் குடும்பம் என்று துணிந்து, 2013இல் 'இண்டோவிட்டிஸ்' என்று பெயரிட்டார்கள். துணிந்த பிறகு அது விதை. துணியும் வரைதான் கார்ப்போலித்து. ஆகவே விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதிவிடும் சொல் நமக்கு வேண்டாம்.

தமிழாசிரியர்:

இதற்கு ஏன் இத்தனை அலைச்சல்? 'காழ்' இருக்கிறதே. 'காமத்துக் காழில் கனி' என்ற குறளில் காழ் என்பது பழத்தினுள் இருக்கும் வன்பொருள். அது விதையா உள்ளோடா என்று வள்ளுவர் பிரித்துச் சொல்லவில்லை. 'களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து' என்ற இன்னொரு குறளில் காழ்த்தல் என்பது முற்றி வன்மையுறுதல். மென்மையானது அழுகிப்போக, வன்மையானது மட்டும் எஞ்சுவதுதானே ஆசிரியர் ஐயா விளக்கிய செய்தி? காய், காழ், கழி மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன். 'காழ்ப்படிவம்' என்று வையுங்கள்.

கல்லூரி விரிவுரையாளர்:

ஐயா, அந்த வேர் ஆராய்ச்சியை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மாணவர்களுக்குக் 'காழ்' என்றால் காழ்ப்புணர்ச்சிதான் நினைவுக்கு வரும். மேலும் 'அகக் காழனவே மரமென மொழிப' என்னும் தொல்காப்பியத்தில் காழ் என்பது மரத்தின் வைரம் பாய்ந்த உட்பகுதி; மரப் புதைபடிவங்களும் இதே நூலில் வரும்போது குழப்பம் உறுதி. நம் ஊரில் மாங்கொட்டை என்கிறோம், அதில் உள்ளோடும் சேர்த்தி. புளியங்கொட்டை என்கிறோம், அது வெறும் விதை. எதுவென்று பிரிக்காத இந்தக் 'கொட்டை' என்ற சொல்தான் நமக்கு வேண்டியது. பின்வரிசையின் சிரிப்பு ஒன்றுதான் தடை. அதை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்:

எங்கள் பாடநூல்களில் புதைபடிவத்தை 'உயிர்ச்சுவடு' என்றே படித்தோம். 'வித்துச்சுவடு' என்றால் இரு கரையாருக்கும் விளங்கும் அல்லவா?

தாவரவியல் ஆசிரியர்:

அழகான சொல். ஆனால் சுவடு என்றால் பதிந்துபோன தடம் என்றே நான் கொள்வேன். இங்கே கையில் இருப்பது பொருள். ஓர் எளிய வழி தோன்றுகிறது: 'கனிவித்து'.

தமிழாசிரியர்:

இலக்கணத்தில் இது நில்லாது. 'கனிவித்து' உம்மைத்தொகையானால் கனியும் வித்தும். ஆறாம் வேற்றுமைத்தொகையானால் கனியினது வித்து. தாங்கள் வேண்டுவதோ 'கனியோ வித்தோ'. ஐயத்தைத் தொகுத்துச் சொல்லும் தொகை எந்த நூற்பாவில் இருக்கிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்:

'நாலைந்து பேர் வந்தார்கள்' என்றால் ஒன்பது பேர் வந்ததாக யாரும் இலை போடுவதில்லையே, ஐயா. நாலோ ஐந்தோ என்றுதானே கொள்கிறோம்?

கல்லூரி விரிவுரையாளர்:

இதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை. கொட்டையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. இயலை இன்றிரவு அனுப்புகிறேன். 'கனிவித்துப் படிவம்' என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கனியோ வித்தோ உள்ளோடோ எனத் துணியப்படாதது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உள்ளோட்டைச் சொல்லுக்குள் கொண்டுவர முடியவில்லை. அந்தக் குறை எனக்கும் தெரிகிறது.

தமிழாசிரியர்:

'நாலைந்து' எண்ணுப்பெயர் வழக்கு. அதைப் பொருட்பெயருக்கு நீட்ட நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். உள்ளோடு விடுபட்டது என்று தாங்களே சொல்கிறீர்கள். காழில் அது விடுபடாது. காய், காழ், கழி பற்றிய மடல் நாளை வரும்.