அனற்றமி (உடற்கூற்றியல்) முதல் வருடம்: கொழும்பில் படித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மருத்துவ பீட மாணவி, மூன்றாம் வருடம், ஊர் மட்டக்களப்பு:

உயர்தரத்தைத் தமிழில் எழுதிவிட்டுக் காத்திருக்கும் தங்கச்சிமாரும் தம்பிமாரும் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, உடலை வெட்டிப் படிக்கும் அந்த அறைக்குள் போனால் மயக்கம் வருமா?" என்றுதான். சிலருக்கு வரும், காலையில் சாப்பிடாமல் போகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரமாக வரும். உடல் கெடாமல் இருக்கப் போடும் போர்மலின் கண்ணைக் கரிக்கும், மூக்கில் நீர் ஓடும். உடல் நீங்கள் பயப்படுவது போல, தூங்குகிற மனிதரைப் போல இருக்காது. தோல் கபில நிறத்தில் தடித்து விறைத்திருக்கும். ஃபோர்செப்ஸ் (இடுக்கி) கைக்கு வந்து, தோலை உரித்துக் கீழே உள்ள நரம்பைத் தேடத் தொடங்கியதும் கவனமெல்லாம் அதிலேயே போய்விடும்.

எங்களுக்கு முதல் நாளே கத்தியைத் தரவில்லை. உடலைத் தந்தவர்களுக்காக ஒரு நிகழ்வு நடந்தது. பிக்குமார் பிரித் ஓதினார்கள், நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அதற்குப் பிறகுதான் மேசைகள். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் மேசையில் இருந்தவர் வயதான ஒருவர். சிங்களப் பிள்ளைகள் அவரைச் "சீயா" (தாத்தா) என்றார்கள், நாங்கள் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் "ஐயா" என்றோம். வயிற்றைத் திறந்த வாரத்தில், ஈரலின் கீழ்ப்பக்கத்தில் பித்தப்பையைத் தேடினோம். பக்கத்து மேசையில் பித்தம் ஊறிப் பச்சையாக, பார்த்தவுடனே தெரிந்தது. ஐயாவுக்கு அது இல்லவே இல்லை. விரிவுரையாளர் வந்து எங்கள் விரலைப் பிடித்து உள்ளே ஓரிடத்தில் வைத்தார். நூல் முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. பிறகு, வலது விலாவுக்குக் கீழே சரிவாக ஓடிய பழைய தழும்பைக் காட்டினார். பித்தப்பையை எடுத்துவிட்டிருக்கிறார்கள், காயம் ஆறியிருக்கிறது, அதன் பிறகும் பல வருடம் வாழ்ந்திருக்கிறார். புத்தகத்தில் இருக்கும் படத்துக்கு இப்படி ஒரு வாழ்க்கை இல்லை. மேசையில் இருப்பவருக்கு உண்டு. எந்த உடலும் படத்தைப் போலவே இருக்காது என்பதை நாங்கள் அன்றைக்கு அவரிடம் படித்தோம்.

மொழியைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். ஆனால் இரவில் போடிங்கில் நாங்கள் ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்துவது தமிழில். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். கின்சி வீதியில் இருக்கும் எங்கள் பீடத்தின் மூலக் கல்லூரி 1870இல்தான் தொடங்கியது. கொழும்பில் கல்லூரி வருவதற்கு முன்பே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தமிழில் எலும்பையும் நரம்பையும் படித்திருக்கிறார்கள்.

சரி, எலும்புப் பெட்டிக்கு வருகிறேன். படிப்பதற்கான மனித எலும்புகளைப் போட்டுச் சீனியர்மார் கைமாற்றித் தரும் பெட்டி அது, ரூமில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நான் இருந்தது வெள்ளவத்தையில் ஒரு அன்ரி வீட்டில். ஒளித்து வைக்க எனக்கு மனமில்லை, வந்த அன்றே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவ, "சாமி அறைச் சுவரோட வைக்க வேண்டாம் பிள்ளை, மற்றப் பக்கம் வையுங்கோ" என்றா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து, மாடிப்படி ஏறி வந்து கட்டிலில் இருந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டா: "இதுக்குள்ள முழங்கால் எது?"

தொடை எலும்பின் கீழ் முனையைக் கணைக்கால் எலும்பின் மேல் வைத்துக் காட்டினேன். மேலே இருப்பது உருண்ட இரண்டு குமிழ்கள். கீழே இருப்பது கிட்டத்தட்டத் தட்டையான மேடை. எலும்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நிற்கவே முடியாத மூட்டு. கையை எடுத்தால் சரிந்துவிடும். அவவும் எடுத்துப் பார்த்தா, சரிந்தது. "அப்ப என்னண்டு பிள்ளை நிக்கிறம்?" என்றா. நடுவில் இரண்டு குருத்தெலும்புத் தகடுகள், எலும்பை எலும்போடு கட்டிக் குறுக்காக ஓடும் இணையங்கள் (லிகமென்ட்), பக்கத்துக்கு ஒரு இணையம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடையின் முன்பக்கத் தசை. அந்தத் தசை முழங்கால் சில்லைப் பிடித்துக்கொண்டு கணைக்கால் எலும்பு வரை இறங்குகிறது. இதைச் சொன்னதும், "அதுதானோ முழங்கால் நோவுக்குக் கிளினிக்கில தொடைக்கு எக்சசைஸ் தந்தவை! நான் தேவையில்லையெண்டு விட்டிட்டன்" என்றா. அன்று பின்னேரமே கதிரையில் இருந்து காலை நீட்டி உயர்த்தத் தொடங்கினா.

எத்தனை தரம் வாசித்தும் எனக்குள் பதியாத முழங்கால் மூட்டு, அன்ரிக்குச் சொன்ன அந்த ஒரு மாலையில் பதிந்தது. ஆகவே தங்கச்சிமாரே, தம்பிமாரே, எலும்பைக் கையில் எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள், வலதா இடதா என்று விரலாலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு மேசையிலும் வைத்திருப்பதைப் பார்த்துப் பதில் எழுதும் ஸ்பொட் பரீட்சையில் மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் கை கொடுப்பது இதுதான்.

* * *

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), கொழும்பில் வேலை:

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் இன்னொன்று சேர்க்கிறேன். எலும்புப் பெட்டி கிடைக்காதவர்களுக்கும் சொந்த உடல் இருக்கிறது. கட்டைவிரலையும் சின்னவிரலையும் நுனியில் தொடவைத்து மணிக்கட்டைச் சற்று மடியுங்கள். நடுவில் ஒரு தசைநாண் (தசையின் முனையில் உள்ள நாண்) எழும்பி நிற்கும், அதன் பெயர் பல்மாரிஸ் லோங்கஸ். எங்கள் வகுப்பில் எல்லோரும் கையை நீட்டியபோது சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருந்தது, சிலருக்கு இரண்டிலும் இல்லை. பயந்துவிட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, அது இல்லாவிட்டாலும் பிடியில் பெரிய குறை தெரியாது. வேறு இடத்தில் அறுந்த தசைநாணைச் சரிசெய்ய சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதையே எடுத்துப் பாவிப்பார்கள்.

அடுத்தது பிரேக்கியல் பிளெக்சஸ், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல். முதல் வருடத்தில் எல்லோரும் அழுவது இதற்குத்தான். கழுத்தின் ஐந்தாம் நரம்பிலிருந்து நெஞ்சின் முதலாம் நரம்பு வரை ஐந்து வேர்கள், மூன்று தண்டுகள், ஆறு பிரிவுகள், மூன்று வடங்கள், பிறகு ஐந்து பெரிய நரம்புகள். மனப்பாடம் செய்யாதீர்கள். வெறுந்தாளில் வரையுங்கள், தினமும் வரையுங்கள்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஓட்டோக்காரத் தம்பி வந்தார். இரவு ஹயர் முடித்து, பின் சீற்றின் மேல் விளிம்பில் கையைப் போட்டபடி வண்டிக்குள்ளேயே தூங்கியிருக்கிறார். விடிய எழும்பினால் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, கை தொங்குகிறது. பாரிசவாதம் என்று நினைத்து வீடே அழுதிருக்கிறது. முழங்கையை நீட்டச் சொன்னேன், பலமாக நீட்டினார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புறங்கையில் தொட்டேன், உணர்வு குறைவு என்றார். அந்த ஐந்து பெரிய நரம்புகளில் ஒன்றான ஆரை நரம்பு மேற்கை எலும்பின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. எலும்போடு ஒட்டி வரும் அந்த இடத்தில் அது நசுங்கியிருக்கிறது. முழங்கையை நீட்டும் தசைக்குப் போகும் கிளைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அவை தப்பிவிட்டன. டொக்டரும் அதையே சொன்னார். மணிக்கட்டைத் தாங்கும் சட்டம் போட்டு, பயிற்சி கொடுத்து, சில வாரங்களில் அவர் மறுபடி ஹான்டிலைப் பிடித்தார். அன்று என் மனதில் ஓடியது முதல் வருடத்தில் வரைந்து வரைந்து பழகிய அந்தப் படம்தான்.

* * *

உடல் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவர், கொட்டாஞ்சேனை:

மகள், நான் மருத்துவம் படித்தவன் இல்லை. என் அப்பாவின் உடலை மாணவர்களுக்குக் கொடுத்தோம். "சீயா", "ஐயா" என்று எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னா.

அப்பா முதலில் கையெழுத்துப் போட்டது கண்தானத்துக்கு. இந்த நாட்டில் அது புதிய விசயமில்லை, ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலம் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) அனுப்புகிறது. உடல்தானத்தைப் பிறகுதான் பேசினார். சொந்தக்காரருக்கு அது பிடிக்கவில்லை. கொள்ளி வைக்காமல் எப்படி, சாம்பல் இல்லாமல் எப்படி என்று சித்தப்பா கோபப்பட்டார். அவருக்கு வந்த வேதனை எனக்கு விளங்கியது, நானும் மூத்த மகன்தானே. கடைசியில் ஐயரிடம் கேட்டோம். அவர் மறுக்காமல் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை முறையாகச் செய்து தந்தார். சித்தப்பாவும் வந்திருந்தார்.

உடல்தானம் செய்ய நினைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படிவத்தை நிரப்பினால் மட்டும் போதாது, பிள்ளைகள் எல்லோரிடமும் உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுங்கள். கடைசியில் உடலைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள்தான். மரண விசாரணைக்காகப் பிரேத பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் ஏற்க மாட்டார்கள். இறந்த உடனே உடற்கூற்றியல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், ஆகவே தொலைபேசி இலக்கம் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கட்டும்.

* * *

தாதி உத்தியோகத்தர், பத்து வருடத்துக்கு மேல் அனுபவம்:

எங்கள் பயிற்சியில் அனற்றமிக்கு நேரம் குறைவு. ஆனால் அதில் பிழை விட்டால் நோயாளிக்கு விளைவு பெரிது. வேறொரு இடத்தில் புட்டத்தில் ஊசி போட்ட பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல் ஒரு அம்மா எங்கள் வார்ட்டுக்கு வந்தா. ஊசி சியாட்டிக் நரம்புக்குக் கிட்டப் போயிருக்கிறது. உடலிலேயே தடித்த நரம்பு அது, புட்டத்தின் கீழ், உள்பக்கமாக இறங்குகிறது. அதனால்தான் புட்டத்தை நான்காகப் பிரித்து, மேல் வெளிப்பக்கக் காற்பங்கில் ஊசி போடச் சொல்லித் தருவார்கள்.

நான் இப்போது இடுப்பின் பக்கவாட்டைத்தான் விரும்புகிறேன், பெரிய நரம்போ பெரிய இரத்தக்குழாயோ அங்கே இல்லை. வலது இடுப்பு என்றால் இடது கை. உள்ளங்கை தொடையின் மேலே வெளியே துருத்தும் எலும்பில், சுட்டுவிரல் இடுப்பெலும்பின் முன்முனையில், நடுவிரலை இடுப்பெலும்பின் விளிம்பை நோக்கி விரிக்க வேண்டும். இரண்டு விரலுக்கும் நடுவில்தான் ஊசி. புதிதாக வரும் பிள்ளைகளை முதலில் தங்கள் இடுப்பிலேயே தேடச் சொல்வேன். மெலிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், மற்றவர்கள் கொஞ்சம் அழுத்திப் பார்க்க வேண்டும்.