புதுப்பிப்பு: அறையைக் காலி செய்தவரின் கரண்ட் பில் பங்கு

சேர்ந்து தங்கும் அறையிலிருந்து பாதி மாதத்தில் போனவரின் பங்கை ஆள்-நாள் கணக்கில் (ஒவ்வொருவரும் தங்கிய நாட்களைக் கூட்டி) பிரிக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

மூன்று பேர், 30 நாள், 144 யூனிட். ஒருவர் 12 நாளில் கிளம்பிவிட்டார். 30+30+12 = 72 ஆள்-நாள்; ஆளுக்கு நாளைக்கு 2 யூனிட். போனவர் தலையில் 24 யூனிட். ஆனால் அவர் கிளம்பிய அன்று மீட்டர் 36 யூனிட்தான் ஓடியிருந்தது என்றால், அவர் பங்கு வெறும் 12. மிச்ச 108 யூனிட்டும் இருந்த இருவருடையது. பிறகு வாங்கி மாட்டிய ஏசிக்கு அவர் ஏன் அழ வேண்டும்?

அதனால் சாவி கை மாறும் அன்றே மீட்டரைப் படமெடுத்து மூவருக்கும் அனுப்பிவிடுங்கள். படம் இல்லாதபோது மட்டும் ஆள்-நாள். யூனிட்டைச் சாராத நிலையான கட்டணம் தனி. முழு மாத வாடகை கொடுத்தவர் அதில் சமபங்கு தருவதே நியாயம்.

அட்வான்ஸ்: புதிதாக வருபவர் போனவரின் அட்வான்ஸ் பங்கை நேரடியாக அவரிடமே கொடுத்தால், பழைய சேதமும் புதியவர் தலையில் விழும். சுவர், குழாய், கதவுப் படங்கள் எடுத்து, கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகே பணம் கை மாறட்டும். வைஃபை இணைப்பு போனவர் பெயரில் இருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பாக்கிக்கான நினைவூட்டல் போனவருக்குத்தான் போகும்.