அடாப்டரில் மட்டும் உறுமும் பேஸ் பிரீஆம்ப் பெடல்: குறை அடாப்டரிலா, சர்க்யூட்டிலா?

நாலுகம்பி

அனைவருக்கும் வணக்கம். பேஸ் கிட்டாருக்காக வெரோபோர்டில் ஒரு பிரீஆம்ப் பெடல் (ஆம்ப்புக்கு முன்பே சிக்னலைப் பெருக்கிச் சீராக்கும் பெட்டி) செய்திருக்கிறேன். முதல் நிலையில் ஜே201 என்னும் ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இருக்கிறது. அடுத்து வரும் டிஎல்072 என்னும் இரட்டை ஆப்-ஆம்ப் ஐசியின் ஒரு பாதி, சிக்னலைப் பலவீனமாகாமல் கடத்தும் பஃபராகவும், மறுபாதி பேஸ், டிரெபிள் என இரண்டு குமிழ்கள் கொண்ட பாக்ஸண்டால் டோன் கண்ட்ரோலாகவும் வேலை செய்கின்றன. கடைசியில் வால்யூம். முழுவதும் அலுமினியப் பெட்டிக்குள் இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. வால்யூமை முழுதாக ஏற்றினாலும் மெல்லிய சீறல் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

அடாப்டருக்கு மாறினால்தான் தொல்லை. என்னிடம் இரண்டு அடாப்டர்கள் உள்ளன. ஒன்று, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான பழைய 9 வோல்ட் அடாப்டர். இதைச் செருகியவுடன் ஆழ்ந்த உறுமல் கேட்கிறது. கிட்டாரின் வால்யூமை முற்றிலும் குறைத்தாலும் அது குறைவதில்லை. பேஸ் குமிழ் நடுவில் இருக்கும்போது உறுமல் மிகக் குறைவு, ஏற்றினால் நன்றாகக் கூடுகிறது. எனக்குப் புரியாதது என்னவென்றால், அதே குமிழை நடுவிலிருந்து கீழே இறக்கினாலும் சற்றுக் கூடவே செய்கிறது. டிஜிட்டல் டிலே பெடலுக்கும் இதிலிருந்தே கிளை எடுத்துக் கொடுத்தால் உறுமல் பல மடங்காகிவிடுகிறது. நண்பரின் மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து டிசி ஜாக்கில் அளந்தபோது என் பெடல் மட்டும் இருக்கையில் சுமார் 50 மில்லிவோல்ட்டும், டிலேயும் சேர்ந்தால் சுமார் 400 மில்லிவோல்ட்டும் காட்டியது.

மற்றது, ரவுட்டருடன் வந்த 9 வோல்ட், 1 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வேகமான ஸ்விட்சிங் முறையில் இயங்கும்) அடாப்டர். பெடலுக்கு நடு முனை நெகட்டிவாக இருக்க வேண்டும் என்பதால் அதன் பின்னைத் துருவம் மாற்றிச் சால்டர் செய்துகொண்டேன். இதில் உறுமல் இல்லை. ஆனால் சன்னமான விசில் ஒலி வருகிறது, டிரெபிளை ஏற்றினால் காதைத் துளைக்கிறது.

பெடலுக்குள் பவர் பகுதி மிக எளியது. துருவம் மாறினால் காப்பாற்றக் குறுக்கே ஒரு 1என்4001 டையோடு, அதன்பின் நேராகப் போர்டுக்கு 9 வோல்ட். பாதி வோல்டேஜுக்காக இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட். நான் பின்பற்றிய வரைபடத்தில் உள்ளது இவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தபோது ரெகுலேட்டட் (வோல்டேஜை நிலையாக வைக்கும்) அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கிவிடலாமா, அல்லது பெடலுக்குள்ளேயே சரிசெய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ஈயக்கம்பி

புது அடாப்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பேட்டரியில் அமைதியாக இருப்பதால் கிட்டார், வயர், பெட்டி ஆகியவற்றின் மீது சந்தேகத்துக்கு இடமில்லை. மின்சாரத்தோடு சேர்ந்து வருவதை உங்கள் பெடல் தடுக்காமல் உள்ளே விடுகிறது. இன்று நல்ல அடாப்டர் வாங்கினாலும், நாளை மேடையில் வேறொருவர் நீட்டும் அடாப்டரில் இதே பெடல் மறுபடியும் உறுமும்.

உறுமல் 50 ஹெர்ட்ஸா, 100 ஹெர்ட்ஸா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், உங்கள் பேஸே போதும். சுருதி சேர்த்த ஜி கம்பியை, எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல் மீட்டினால் வருவது 98 ஹெர்ட்ஸ். உறுமல் 100 ஹெர்ட்ஸாக இருந்தால் அது கிட்டத்தட்ட அதே சுருதியில் நிற்கும். இரண்டும் கலந்து வினாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்குவதைத் தெளிவாகக் கேட்கலாம். உறுமல் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டை ஒட்டி, அதாவது 49 ஹெர்ட்ஸ் அருகே நின்றால் அது 50 ஹெர்ட்ஸ். 100 என்றால் அடாப்டருக்குள் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பிறகு மிஞ்சும் ரிப்பிள், அதாவது டிசியின் மேல் ஏறி இறங்கும் சிற்றலை. 50 என்றால் எர்த் வளையமோ (ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் பாதைகள் சேர்ந்து உண்டாகும் வளையம்), பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ காரணமாக இருக்கும். சாதாரணக் கிட்டார் பெடலாக இருந்தால் அடிப்பகுதி அதிர்வெண்களைக் கொஞ்சம் வெட்டி இதை மறைத்துவிடுவார்கள். பேஸுக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் உறுமல் உட்கார்ந்திருப்பது நம்முடைய சுரங்களின் மீதே.

நீங்கள் அளந்த எண்களைப் பார்த்தால் 100 ஹெர்ட்ஸ்தான் என்று தோன்றுகிறது. அடாப்டருக்குள் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருப்பதாகக் கொண்டால், 8 மில்லிஆம்பியர் எடுக்கும் பெடலுக்கு உச்சிக்கு உச்சி சுமார் 0.17 வோல்ட் ரிப்பிள் வரும். மீட்டரில் அது 50 மில்லிவோல்ட் அளவில் தெரியும். டிலே பெடல் இன்னும் 50, 60 மில்லிஆம்பியர் இழுத்தால் ரிப்பிளும் அதே விகிதத்தில் ஏறும்.

இனி சர்க்யூட்டுக்கு வருவோம். டிஎல்072 தன் பவர் பின்னில் வரும் ரிப்பிளைத் தாழ்ந்த அதிர்வெண்களில் சுமார் 100 டெசிபெல் வரை தள்ளிவிடும் ஐசி. ஆனால் பாதி வோல்டேஜ் என்று நீங்கள் கொடுக்கும் புள்ளி, ஐசிக்குப் பவர் அல்ல, சிக்னல். இரண்டு 10 கிலோ ஓம்களும் சேர்ந்து 5 கிலோ ஓமாகத் தெரியும், அதனுடன் 0.1 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் வடிகட்டல் தொடங்குவதே 318 ஹெர்ட்ஸில்தான். ஆகவே 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளில் ஏறக்குறைய பாதி அப்படியே டோன் கண்ட்ரோலின் பாசிட்டிவ் உள்ளீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே 47 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லை 0.7 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, 100 ஹெர்ட்ஸ் இன்னும் 150 மடங்கு அளவுக்குக் குறையும். இருக்கும் 0.1-ஐயும் எடுக்காமல் விட்டுவிடுங்கள். பெரிதாகப் போடுகிறேன் என்று 1000 மைக்ரோஃபாரட் வைக்க வேண்டாம். பெடலைச் செருகிய பின் அந்தப் புள்ளி பாதி வோல்டேஜுக்கு ஏறி நிலைபெற பல வினாடிகள் ஆகிவிடும்.

இதோடு, டிசி ஜாக்குக்கும் போர்டுக்கும் இடையே தொடராக 100 ஓம், அதன் பிறகு கிரவுண்டுக்கு 220 மைக்ரோஃபாரட் போடுங்கள். 100 ஹெர்ட்ஸ் அதிலேயே 14 மடங்கு குறையும். எல்ஈடியை இந்த ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து எடுத்தால் வோல்டேஜ் இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டாது. ரெகுலேட்டர் இல்லாத 9 வோல்ட் அடாப்டர்கள் லோடு குறைவாக இருக்கும்போது 12 வோல்ட்டுக்கு மேலும் தருவதுண்டு என்பதால், கெபாசிட்டர்கள் 25 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும்.

நாலுகம்பி

மிக்க நன்றி. ஜி கம்பியுடன் உறுமல் ஏறி இறங்குவது நீங்கள் சொன்னபடியே தெளிவாகக் கேட்கிறது, 100 ஹெர்ட்ஸ்தான். கையில் 47 மைக்ரோஃபாரட் மட்டும் இருந்ததால் அதை முதலில் பாதி வோல்டேஜ் புள்ளியில் சால்டர் செய்து பார்த்தேன். முடிவு வியப்பாக இருக்கிறது. பேஸ் குமிழை முழுதாக இறக்கினால் இப்போது நல்ல அமைதி. ஆனால் குமிழை நடுவில் வைத்தால் உறுமல் முன்பிருந்ததைவிட மிக அதிகம். கெபாசிட்டரின் துருவத்தையும் சால்டரையும் சரிபார்த்துவிட்டேன், இரண்டும் சரியாகவே இருக்கின்றன.

பட்டறைமேசை

கெபாசிட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி, உறுமல் இரண்டு வழிகளில் வந்துகொண்டிருந்தது என்பதற்கு நல்ல சான்று.

ஜே201 நிலையில் டிரெயின் (ஜேஃபெட்டின் வெளியீட்டுக் கால்) ரெசிஸ்டர் நேராக 9 வோல்ட்டில் தொங்குகிறது. ஆப்-ஆம்ப் போல ரிப்பிளைத் தள்ளிவிடும் திறன் அதற்குக் கிடையாது. பவர் வயரில் உள்ள ரிப்பிளில் பெரும்பகுதி அப்படியே டிரெயினில் தோன்றும். அது பஃபர் வழியாக, கிட்டாரின் சிக்னலைப் போலவே டோன் கண்ட்ரோலுக்குள் நுழைகிறது. பாக்ஸண்டால் நிலை இன்வெர்டிங் வகை என்பதால் இந்த ரிப்பிள் தலைகீழாகி வெளிவரும். பாதி வோல்டேஜ் புள்ளியிலிருந்து பாசிட்டிவ் உள்ளீட்டுக்குள் வந்த ரிப்பிளோ நேராகவே, குமிழின் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிய அளவில் வெளிவரும். குமிழ் நடுவில் இருக்கும்போது பெருக்கம் 1. எனவே பாதி ரிப்பிள் இரண்டு மடங்காகி முழு ரிப்பிளாக ஒருபுறமும், டிரெயினிலிருந்து வந்த ஏறக்குறைய முழு ரிப்பிள் தலைகீழாக மறுபுறமும் நின்று ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. குமிழை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்தச் சமநிலை குலைந்தது. நீங்கள் முதல் கேள்வியிலேயே எழுதியிருந்த புதிர் இதுதான்.

இப்போது ஒரு வழியை அடைத்துவிட்டதால் ஜே201 வழியாக வருவது தடையின்றிக் கேட்கிறது. அதையும் அடைத்துவிட்டால் முடிந்தது. ஈயக்கம்பி சொன்ன 100 ஓம், 220 மைக்ரோஃபாரட் கட்டாயம் வேண்டும். அதற்குப் பின்னால் ஜே201-இன் டிரெயின் ரெசிஸ்டருக்கு மட்டும் தனியாக 1 கிலோ ஓமும் 100 மைக்ரோஃபாரட்டும் கொடுங்கள். இது ஒன்றே 100 ஹெர்ட்ஸை 60 மடங்குக்கு மேல் குறைக்கும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் உங்கள் 50 மில்லிவோல்ட், டிரெயினை எட்டும்போது 0.1 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போய்விடும். ஜே201 எடுப்பது அரை மில்லிஆம்பியருக்குள்தான் என்பதால் 1 கிலோ ஓமில் வோல்டேஜ் பெரிதாக விழாது, ஆனாலும் டிரெயின் வோல்டேஜை மறுபடி அளந்து, தேவைப்பட்டால் பயாஸை (ஜேஃபெட் இயங்கும் அடிப்படை வோல்டேஜ் நிலையை) திருத்திக்கொள்ளுங்கள்.

கிரவுண்ட் வயர் போகும் பாதையையும் ஒருமுறை பாருங்கள். பல பெடல்களில் டிசி ஜாக்கின் நெகட்டிவ் முதலில் இன்புட் ஜாக்குக்குப் போய், அங்கிருந்து போர்டுக்கு வரும். அப்படி இருந்தால் புதிய 220 மைக்ரோஃபாரட் இழுக்கும் ரிப்பிள் கரண்ட் முழுவதும் அந்த மெல்லிய வயர் வழியே ஓடி, அதில் விழும் சிறு வோல்டேஜ் சிக்னலோடு சேர்ந்துகொள்ளும். நெகட்டிவ் வயர் நேராக அந்தக் கெபாசிட்டரின் நெகட்டிவ் காலுக்கு வர வேண்டும். மற்ற கிரவுண்டுகள் எல்லாம் அங்கிருந்து பிரிய வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் அடாப்டரின் விசில் வேறு கதை. அதன் ஸ்விட்சிங் வழக்கமாகப் பல பத்து கிலோஹெர்ட்ஸில் நடப்பதால் நேரடியாகக் காதுக்குக் கேட்காது. ஆனால் 1 ஆம்பியர் தரக்கூடிய அடாப்டரிடம் 8 மில்லிஆம்பியர் மட்டும் கேட்டால், பல அடாப்டர்கள் தொடர்ந்து ஓடாமல் விட்டுவிட்டு ஓடும். அந்த விட்டுவிட்டு ஓடும் வேகம் கேட்கும் எல்லைக்குள் விழுந்துவிடும். சோதனை எளிது: அடாப்டரின் பாசிட்டிவ், நெகட்டிவ் இடையே 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். 90 மில்லிஆம்பியர் லோடு ஏறியதும் விசிலின் சுருதி மாறினாலோ மறைந்தாலோ காரணம் இதுவே. ரெசிஸ்டர் சுடும், வெறுங்கையால் தொடாதீர்கள். நிரந்தரத் தீர்வுக்கு மேலே சொன்ன வடிகட்டிகளே பெரும்பாலும் போதும். 220 மைக்ரோஃபாரட்டுக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றையும், பாசிட்டிவ் வயரில் உயர்ந்த அதிர்வெண்களை அடக்கும் ஒரு ஃபெரைட் மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7809 என்னும் 9 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி போட்டால் தீரும் என்று சிலர் சொல்வார்கள். அதன் உள்ளீட்டில் சுமார் 11.5 வோல்ட் தேவை என்பதால் 9 வோல்ட் எஸ்எம்பிஎஸில் அது வேலை செய்யாது; உயர்ந்த அதிர்வெண்களைத் தடுப்பதிலும் அது வலுவானதல்ல.

நாலுகம்பி

எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். நெகட்டிவ் வயர் நீங்கள் சந்தேகப்பட்டபடியே இன்புட் ஜாக் வழியாகத்தான் போயிருந்தது, அதையும் மாற்றினேன். பழைய அடாப்டரில் பேஸ் குமிழ் எங்கே இருந்தாலும் உறுமல் இல்லை. டிலேயைச் சேர்த்தாலும் உறுமல் வரவில்லை. எஸ்எம்பிஎஸிலும் தனியாக ஓட்டினால் அமைதி. ஆனால் எந்த அடாப்டராக இருந்தாலும் டிலேயும் அதிலேயே இருக்கும்போது மிக மெல்லிய கீச்சொலி மிஞ்சுகிறது, டிலேயின் நேரக் குமிழைத் திருப்பினால் அதன் சுருதி மாறுகிறது. ஆம்ப்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார்.

ஈயக்கம்பி

எர்த் பின்னை ஒருபோதும் எடுக்காதீர்கள். ஆம்ப்பில் உள்ளே ஏதாவது பழுதானால் 230 வோல்ட் கிட்டார் கம்பி வழியாக உங்கள் கைக்கு வர, பின்னை எடுத்ததே வழி செய்துவிடும். மேலும் இந்தக் கீச்சொலிக்கும் எர்த்துக்கும் தொடர்பே இல்லை.

நேரக் குமிழோடு சுருதி மாறுவதால் அது டிலேயின் கிளாக் ஒலி. அந்தப் பெடலின் டிஜிட்டல் பகுதி இழுக்கும் கரண்ட், அடாப்டரின் பொது நெகட்டிவ் வயர் வழியாகவும், இரண்டு பெடல்களையும் இணைக்கும் பேட்ச் வயரின் ஷீல்டு வழியாகவும் பிரிந்து திரும்புகிறது. ஷீல்டில் ஓடும் பங்கு சிக்னலில் விழுகிறது. பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு வடிகட்டினாலும் கிரவுண்டில் வருவது நிற்காது. டிலேக்குத் தனி அடாப்டரோ, ஒவ்வொரு வெளியீடும் மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட பவர் சப்ளையோ கொடுங்கள். உங்களிடம் இரண்டு அடாப்டர்கள் இருப்பதால் செலவே இல்லை: பழையதைப் பிரீஆம்ப்புக்கும், எஸ்எம்பிஎஸைத் துருவத்தையும் கரண்ட்டையும் சரிபார்த்து டிலேக்கும் கொடுத்துப் பாருங்கள்.