கழுதைப்புலி ஊரில் தலைவன் யார்?

ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற மேசை ஆட்டம் அது. கதையை நடத்துவது நான். அந்த ஆட்டத்தில் கழுதைப்புலி முகம் கொண்ட நோல் என்றொரு இனம் உண்டு, பெரும்பாலும் வெட்டிச் சாய்ப்பதற்கென்றே வருகிற கூட்டம். அவர்களுக்கு ஒரு ஊரும் நாலு வழக்கமும் கொடுத்துப் பார்க்க எனக்கு ஆசை.

முதல் வரைவு சொதப்பல். எலும்பு மாலை, முகத்தில் சாயம், தீயைச் சுற்றி ஆட்டம். படித்துப் பார்த்த தோழி, "காதையும் வாலையும் எடுத்துட்டா பழைய சினிமாவுல வர்ற காட்டுவாசிக் கூட்டம்தானே இது?" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

அப்புறம்தான் விலங்கைப் பற்றியே படித்தேன். முதுமலைப் பக்கம் இருப்பது வரிக் கழுதைப்புலி. நான் எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி. அதில் பெண்தான் உருவத்திலும் பெரிது, அதிகாரமும் அவளுக்கே. அம்மாவின் இடம் பிள்ளைக்கு வரும், அதிலும் கடைசியாகப் பிறந்த மகள் அக்காக்களை எல்லாம் தாண்டி அம்மாவுக்கு அடுத்து நிற்பாள். வளர்ந்த ஆண் பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய், வேறொன்றில் கடைசி ஆளாகச் சேரும். எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆட்ட நாள். கதையில், ஆற்றைக் கடக்க அனுமதி கேட்டு நம் ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் நோல் ஊருக்குள் வந்தார்கள். வாசலில் ஏழடி உயரத்தில் ஒருவன், உடம்பெல்லாம் தழும்பு. இவன்தான் தலைவன் என்று முடிவுகட்டி, கையிலிருந்த ஒரே வெள்ளி வாளை அவன் காலடியில் வைத்தார்கள். அவன் மிரண்டுபோய் பின்வாங்கினான். மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை, "தள்ளிப் போ பாப்பா" என்று ஒருவன் நகர்த்தினான். அவ்வளவுதான், குடிசைகளிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அந்த ஏழடிக்காரனைவிட ஒரு தலை உயரம்.

அவன் போன வருடம் வந்து சேர்ந்த மாப்பிள்ளை. பாப்பா தலைவியின் கடைக்குட்டி. நான் எதையும் விளக்கவில்லை, அவர்களே அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். கடைசியில் பாப்பாவை உப்பு மூட்டை தூக்கி ஊரைச் சுற்றினான் எங்கள் மாவீரன். பகடையை யாரும் தொடவே இல்லை.

எடுபடாததும் ஒன்று உண்டு. ஒவ்வொரு கழுதைப்புலியின் கூவலும் தனித்தனி என்பதால், ஊரில் பெயருக்குப் பதில் கூவல் என்று வைத்தேன். மேசையில் உட்கார்ந்து கூவ எல்லோருக்கும் வெட்கம்.

*

இதைப் படித்த இன்னொரு ஆட்டக்காரரின் பதில்: கடைக்குட்டி கதை அருமை. எங்கள் ஆட்டத்தில் இருப்பது யானைக் குடி. நிஜத்தில், 1993-ல் தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் கடும் வறட்சி. பூங்காவை விட்டு வெளியே போன யானைக் கூட்டங்களைவிட, உள்ளேயே தங்கிய கூட்டம்தான் கன்றுகளை அதிகம் இழந்தது. 1958-61 வறட்சியைப் பார்த்த கிழவிகள் அதில் மிஞ்சவில்லை, தந்த வேட்டையில் போய்விட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். அதனால் எங்கள் குடியில் வரைபடமே கிடையாது, பாட்டிதான் வரைபடம். எங்கள் ஆட்கள் ஒரு சண்டையில் புதையல் பெட்டியைக் காப்பாற்றிவிட்டு பாட்டியைக் கோட்டைவிட்டார்கள். நாலு வாரமாகத் தண்ணீர் தேடி அலைகிறார்கள். பெட்டியையும் சுமந்துகொண்டு.