பழைய மடிக்கணினியின் வேகத்தைக் கூட்ட எதை மாற்றலாம்?

கேள்வி:
4 ஜிபி ரேமும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட என் பழைய மடிக்கணினியில், விண்டோஸ் 10 திறந்து உலாவி வேலைக்கு வருவதற்குள் பல நிமிடங்கள் கடந்துவிடுகின்றன. கல்லூரியில் சேரும் மகளுக்கு இதையே கொடுக்க விரும்புகிறேன். எதை மாற்றினால் பயன் கிடைக்கும்?

மறுமொழி 1:
ஐயா, முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதில் டிஸ்க் பயன்பாடு தொடர்ந்து 100 சதவீதத்தில் நின்றால், சுழலும் தட்டுகளின் மேல் முனை நகர்ந்து நகர்ந்து தரவைத் தேடும் ஹார்ட் டிஸ்க்தான் பெரும்பாலும் தடையாக இருக்கும். சுழலும் பாகங்கள் இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை அதற்குப் பதிலாக வைக்கலாம்; சாட்டா என்ற இணைப்பு வகையைச் சேர்ந்த 2.5 அங்குல எஸ்எஸ்டி அதே இடத்தில் பொருந்தும். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதைப் போல் பலன் தருவது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
அதோடு, தற்காலிக நினைவகமான ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். ஆனால் சில மாடல்களில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், வாங்குமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காவிட்டால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். ஆவணங்கள் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸ் மென்பொருள் அதனுடனேயே வருகிறது.

மறுமொழி 3:
எதையும் கழற்றுமுன் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்துவிடுங்கள், ஐயா.